இருபதுக்கு எத்தனை

பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார் டாக்டர்,
வலியை.
பத்து எனக்குப் பழக்கமில்லை.
இருபத்தொன்பது வருஷம்
ஏற்காட்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
என் கணக்கெல்லாம் அதில்தான்.
இன்றைக்குப் பதினான்கு என்றேன்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.

எல் நாலுக்கும் எல் அஞ்சுக்கும் நடுவே
தட்டு பிதுங்கியிருக்கிறதாம்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
தட்டுவடை செட்டை அழுத்திப் பிடித்தால்
பீட்ரூட் துருவல் பக்கவாட்டில் எட்டிப் பார்க்குமே,
அப்படியா என்றேன்.
நர்ஸ் சிரித்துவிட்டாள்.
சிரித்தால் எனக்கு வலிக்கும்.
சிரித்தேன்.

கண்ணங்குறிச்சியில் மாடி வீடு.
சன்னலைத் திறந்தால் மலை.
மலை தெரியாதபடி
கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன்,
செங்கமலம் போட்டாள்.
இரண்டு நாள் கழித்துப்
பழையபடி திருப்பச் சொன்னேன்,
அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாமலே இருப்பதில்
அவளுக்கும் எங்கோ ஓர் எலும்பு தேய்கிறது.

பூனை எங்களுடையது இல்லை.
கீழ்வீட்டு ரெஜினா டீச்சருடையதும் இல்லை,
அங்கே அதற்குப் பிஸ்கோத்து என்று பெயர்.
மீன்கடைப் பக்கம் வேறு பெயர் இருக்கலாம்.
ஒரு காது கிழிசல்,
கண்டக்டர் வாங்க மறுக்கும்
பத்து ரூபாய்த் தாள் போல.

ஐப்பசியில், விடாத மழையில்
மாடிப்படி ஏறி வந்தது.
என்னிடம் வரவில்லை.
என் இடுப்புக்கு வைத்திருந்த
வெந்நீர்ப் பையிடம் வந்தது.
அது எனக்குத் தெரியாமலில்லை.
இத்தனை வருஷத்தில் என் வண்டியில்
எனக்காக ஏறியவர் யார்?
எல்லோரும் ஏற்காட்டுக்காக ஏறியவர்கள்தான்.

ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று,
பிறகு இடுப்பெலும்பின் பள்ளம் பார்த்து
ஓரங்கட்டி நின்றுவிட்டது.
உறுமல் தொடங்கியது.
டீசல் எஞ்சின் சும்மா நிற்கையில்
சீட்டுக்கடியிலிருந்து முதுகுக்கு ஏறுமே ஓர் அதிர்வு,
அதுதான் என் முதுகைத் தின்றது என்கிறார் டாக்டர்.
அதன் குட்டி ஒன்று
தின்றதைத் திருப்பித் தர வந்ததா என்றால்,
இல்லை.
பதினாறில் இருந்தது வலி,
பதினாறிலேயே இருந்தது.

ஆனால்
வலிக்குப் பயந்து அசையாமல் கிடப்பது ஒரு கிடை.
பூனை விழித்துவிடுமே என்று
அசையாமல் கிடப்பது வேறு.
கை மரத்தது. மூக்கு அரித்தது.
காபியோடு வந்த செங்கமலத்திடம்
உஷ் என்றேன்.
மூன்று வருஷமாக இந்த வீட்டில்
வலியைத் தவிர வேறொன்றுக்காக
நான் சொன்ன முதல் உஷ்.
அவள் தரையில் உட்கார்ந்து
என் காபியைத் தானே குடித்தாள்,
சத்தமில்லாமல்,
அதைப் பார்த்துக்கொண்டே.

போன வாரம் பை ஓட்டையாகிவிட்டது.
மூன்று நாள் ஆளைக் காணோம்.
நானொன்றும் எதிர்பார்க்கவில்லை என்று
இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.
நாலாம் நாள் வந்து
இடது காலின் மேல் படுத்தது.
கிளட்ச் மிதித்த கால். வலிக்காத கால்.
அப்படி ஒரு கால் இருப்பதையே மறந்திருந்தேன்.
அதற்கும் எடை தெரிகிறது, சூடு தெரிகிறது,
வால் நுனி பட்டால்
கணுக்காலில் கூச்சம் இருக்கிறது இன்னும்.

ராத்திரி மாத்திரை வேலை செய்யும்வரை
சன்னலில் மலை.
ஒரு வெளிச்சம் மரங்களுக்குள் மறைந்து
கொஞ்சம் கீழே மறுபடி முளைக்கிறது.
கடைசி டிரிப் இறங்குகிறது.
சவரிமுத்துவாகத்தான் இருக்கும்,
ஒன்பதாவதில் எப்போதும் தாமதமாகத்தான் பிரேக் பிடிப்பான்.
என் வலது பாதம் தானாக அழுத்துகிறது,
தொடையிலிருந்து சுண்டி இழுக்கிறது நரம்பு.
பூனை ஒரு கண்ணைத் திறக்கிறது,
திடீர் பிரேக்கில் விழித்த
முன்சீட்டுப் பயணி போல.

ஒன்றுமில்லை, தூங்கு.
அடிவாரம் வர இன்னும் நேரமிருக்கிறது.